சம்மதச் சொல்

சுலோச்சனாவைத் திரும்ப இழுக்க வேண்டிய அன்று காலை, நொய்யல் கரையில் இருந்த காலப்பெயர்வு நிலையத்தின் வாசலில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். நாதஸ்வரக் கோஷ்டி வந்துவிட்டது. அமைச்சர் கிளம்பிவிட்டார் என்ற தகவலும் வந்துவிட்டது, அமைச்சர்தான் வரவில்லை. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் போய்விட்டு வருகிறவளுக்குக் கண்ணேறு படாமல் இருக்க ஆரத்தித் தட்டுகளோடு பட்டுச்சேலைப் பெண்கள் நின்றார்கள். பந்தலின் நடுவில் பச்சை பல்பு ஒன்று தொங்கியது. உள்ளே பச்சை விளக்கு எரிந்தால் இதுவும் எரியும். எரிந்தால் கெட்டிமேளம். ஏற்பாடு அப்படி.

உள்ளே, கட்டுப்பாட்டு அறையின் குளிரிலும் வியர்த்துக்கொண்டிருந்தார் சுலோச்சனாவின் கணவர் நாச்சிமுத்து. வெட்கிரைண்டர் ஏஜென்சி வைத்திருப்பவர். வியாபாரிகள் சங்கத்தில் துணைத்தலைவர். கையில் மைக் கிடைத்தால் கூட்டம் கலைகிற வரை தரமாட்டார். இன்று அவருக்கு வாய் உலர்ந்திருந்தது.

"அம்மணி, அவ வந்துருவாளுங்களா?"

"வந்துருவாங்கண்ணா" என்றாள் ஜெசிந்தா. பாளையங்கோட்டைக்காரி. நிலையம் திறந்ததிலிருந்து ஆட்களை அனுப்புகிற கையும் இழுக்கிற கையும் அவளுடையதுதான். "இதுவரைக்கும் வராம இருந்தவங்க ஒருத்தர்கூட இல்ல. வாசல்ல போர்டு பாத்தீங்கல்லா?"

பார்த்திருந்தார். 'சென்றோர் அனைவரும் மீண்டனர்' என்று பொன்னெழுத்தில் போட்டு, கீழே மீண்டவர்களின் படங்கள். பெரும்பாலும் பெண்கள். அதற்குக் காரணம் விஞ்ஞானம் இல்லை, நாவல்கள். பேருந்து நிலையக் கடையில் வாரப்பத்திரிகைக்கும் ஜோசியப் புத்தகத்துக்கும் நடுவே தொங்குமே, அந்தக் காலப்பயணக் காதல் நாவல்கள். கதாநாயகி வங்கியில் வேலை பார்ப்பாள், அல்லது வீட்டில். கோயில் மண்டபத்தில் தூண் ஒன்றைத் தொடுவாள். கண் விழித்தால் சோழர் காலம். எதிரே ஓர் இளவரசன். அவனுக்குத் தோள் உண்டு, வாள் உண்டு. வேலை மட்டும் கிடையாது. நாள் முழுக்க அவள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பான். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய பல் எப்படி இருந்தது என்பதைப் பற்றி எந்த நாவலும் மூச்சுவிட்டதில்லை.

இந்த ஏக்கத்தைக் கண்டுகொண்டுதான் முனைவர் ஆடலரசு நிலையத்தை ஆரம்பித்தார். சின்னச் சிக்கல் ஒன்று இருந்தது. இயந்திரம் காலத்தை மாற்றும், இடத்தை மாற்றாது. நொய்யல் கரையிலிருந்து கிளம்பினால் நொய்யல் கரையில்தான் போய் இறங்க முடியும். அங்கே அப்போது அரண்மனை இல்லை. வரகுக் கொல்லை, கருவேலமுள், ஆடு. இதுவரை போனவர்கள் ஒருவர்கூடப் புகார் சொல்லவில்லை. அவ்வளவு தூரம் போய் ஆட்டுக்குட்டியைப் பார்த்துவிட்டு வந்தேன் என்று எந்தப் பெண் தன் நாத்தனாரிடம் ஒப்புக்கொள்வாள்?

"வீட்டுல ஒரு குறையும் வெக்கலீங்க அம்மணி" என்றார் நாச்சிமுத்து. யாரும் கேட்கவில்லை. "பொஸ்தகம் வேணும்னா வாங்கிக்கோன்னுதான் சொன்னேன். அப்படி என்னதான் இருக்குது அதுலன்னு ஒருக்கா கேட்டேன். அதுக்கு அவ, 'அந்தக் காலத்து ஆம்பளைக்கு நாம எதைச் சொன்னாலும் புதுசா இருக்குமுங்க. இங்க நான் வாயத் தொறந்தா நீங்க டிவி சத்தத்தைக் கூட்டறீங்க'ன்னா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அப்ப செய்தி ஓடிட்டு இருந்துச்சுங்க."

ஜெசிந்தா திரையைப் பார்த்தாள். அந்தக் காலத்துக்கும் இந்தக் காலத்துக்கும் நடுவே ஓடுகிற கோடு மெல்லத் தடித்துக்கொண்டிருந்தது. தடித்ததும் பேசலாம். பிறகு இளைக்கத் தொடங்கும். இளைத்து அறுவதற்குள் இழுத்துவிட வேண்டும். அறுந்தால் மறுபடி ஒட்டாது.

"வர இஷ்டமில்லாம இழுத்துட்டா என்னங்க ஆகும்?"

"உடம்பு வந்துரும். மனசு வராது." அவள் குரலைத் தாழ்த்தினாள். "தாழ்வாரத்துல பாத்திருப்பீங்களே, மதுரம் மேடம்."

அதையும் பார்த்திருந்தார். வங்கி மேலாளராக இருந்த அம்மா. சுவருக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள். பக்கத்தில் அவள் தம்பி இட்லியைப் பிட்டுப் பிட்டு வாயில் வைத்துக்கொண்டிருந்தான். அப்படி வேறு சிலரும் உண்டு. அதற்கு ஆடலரசு 'காலக்கிறக்கம்' என்று பெயர் வைத்தார். பெயர் வைத்ததும் வியாதி கௌரவமாகிவிட்டது. அந்த வெறித்த பார்வையை நாவல்காரர்கள் அட்டைப்படத்தில் போட்டார்கள். விற்பனை ஏறியது.

"அந்தம்மா வர இஷ்டம்னு சொல்லலீங்களா?"

"சொன்னாங்களே. என் காதால கேட்டுட்டுத்தான் இழுத்தேன்." அந்த இடம் அவளுக்கு எப்போதுமே இடறும்.

கதவு திறந்தது. முனைவர் ஆடலரசு வேட்டி, அங்கவஸ்திரம், காதில் கருவி சகிதம் நுழைந்தார்.

"கோடு தடித்துவிட்டதா, ஜெசிந்தா?"

"இன்னும் கொஞ்சம் சார்."

"ஐயா."

"இன்னும் கொஞ்சம் ஐயா."

"இந்தக் கூடத்தில் பிறமொழிச் சொல் ஒலிக்கலாகாது. இயந்திரத்தின் செவி கெட்டுவிடும்." நாச்சிமுத்துவின் பக்கம் திரும்பினார். "கவலற்க. உலகத்தில் எங்கும் இத்தகைய இயந்திரங்கள் ஆங்கிலத்தில்தான் சம்மதம் கேட்கும். நான் மாற்றினேன். 'ஆம்' என்று வைத்தால் இருமலுக்கெல்லாம் பச்சை எரிந்தது. ஆகவே, 'வருகிறேன்' என்றால் பச்சை, இழுப்போம். 'போகிறேன்' என்றால் சிவப்பு, விட்டுவிடுவோம். எளிமை! வரேன், வாரேன், வர்றேனுங்க என எந்த வட்டார வழக்கில் மொழிந்தாலும் இயந்திரம் அறியும். இதற்காக மலேசியாவில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்."

"சந்தோஷமுங்க" என்றார் நாச்சிமுத்து.

கோடு தடித்தது. ஒலிபெருக்கியில் முதலில் உலக்கைச் சத்தம் கேட்டது. பிறகு வளையல். பிறகு, நிறையப் பெண்கள் ஒரே சமயத்தில் 'ம்' கொட்டுகிற சத்தம். அதற்கு நடுவே சுலோச்சனாவின் குரல். நிலையத்தில் கழுத்தில் மாட்டி அனுப்பிய பதக்கத்தின் வழியாகத் தான் கேட்கப்படுவது அவளுக்கு இன்னும் தெரியவில்லை. சொல் அந்தக் காலத்துப் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருந்தது; இழுவை மட்டும் கொங்குதான்.

"…அப்ப அவன் வந்து நிக்கிறான். எதுமேல? இரும்புக் குதிரைமேல. புல்லுத் திங்காத குதிரை. வெள்ளச் சட்டை. மழைன்னா மழை, அப்படிப்பட்ட மழை. 'நனையறயே, ஏறிக்கோ'ங்கறான்."

அந்தப் பக்கம் பெருமூச்சுகள் கேட்டன. உலக்கை நின்றுவிட்டது.

நாச்சிமுத்து நாற்காலி நுனிக்கு வந்தார். "அம்மணி, அது என்ற மொபெட்டுங்க!"

"உஷ், அண்ணா."

"உக்கடத்துல, கல்யாணமான புதுசு. ஆனா நான் ஏறிக்கோன்னு சொல்லலீங்க. மழை வருதுன்னு நான் மொதல்லயே போயிட்டனுங்க. அவ பஸ்ஸுல வந்தா."

ஒலிபெருக்கியில் கதை மேலே போனது. இரும்புக் குதிரைக்காரன் அவளை வீட்டில் இறக்கினான். சோறு தின்றான். தின்ற தட்டைத் தானே எடுத்துப்போய்க் கழுவினான்.

"பொய்!" என்றாள் அங்கே ஒருத்தி. சிரிப்பு வெடித்தது.

"மெய்யாலுமேடி. ஆயிரம் ஆண்டு கழிச்சுப் போய்ப் பாரு. கழுவிக் கவுத்தும் வெப்பான். அப்புறம் பக்கத்துல ஒக்காந்து, 'நேத்து எதோ சொல்ல வந்தயே, மிச்சத்தைச் சொல்லு'ம்பான்."

இந்தத் தடவை சிரிப்பு வரவில்லை. யாரோ ஒருத்தி மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

ஜெசிந்தாவுக்குப் புரிந்துவிட்டது. இங்கே உள்ளவர்களுக்குச் சோழன் வேண்டியிருக்கிறது. சோழன் காலத்தில் இருக்கிறவர்களுக்கு மொபெட்காரன் வேண்டியிருக்கிறது. நேரில் பார்க்க முடியாதவன்தான் தட்டைக் கழுவுவான்.

"அங்க இளவரசன் யாரும் இல்லண்ணா" என்றாள் மெதுவாக. "நீங்கதான்."

"நான் இல்லீங்க அம்மணி அது." நாச்சிமுத்துவின் முகம் சின்னதாகிப்போயிருந்தது. "அவன் வேற ஆரோ."

ஆடலரசுக்கு இந்த நுட்பங்களில் நாட்டமில்லை. வெளியே கார் ஹாரன்கள் கேட்டன. அமைச்சராக இருக்கலாம். அவர் ஒலிவாங்கியை இழுத்துத் தொண்டையைச் செருமினார். "சுலோச்சனா அம்மையீர்! தங்கள் காலத்திலிருந்து அழைக்கின்றோம். மீள விழைகின்றீரா?"

அந்தப் பக்கம் பேச்சு நின்றது. அவள் எழுந்து கொஞ்சம் தள்ளி நடப்பது கேட்டது; காலடியில் சருகு நொறுங்கியது. பிறகு சுலோச்சனா சொன்னாள்:

"சரிங்க… அப்ப நான் வர்றேன்."

பச்சை விளக்கு எரிந்தது. வெளியே பல்பு எரிந்திருக்க வேண்டும், கெட்டிமேளம் கொட்டியது.

"இழு!" என்றார் ஆடலரசு.

ஜெசிந்தாவின் கை கைப்பிடிக்குப் போனது. நாச்சிமுத்து இரு கையையும் தூக்கிக் கும்பிட்டார், சிரித்தார், கண்ணைத் துடைத்தார். துடைத்த கை பாதியில் நின்றது.

"அம்மணி, பொறுங்க."

"என்னண்ணா?"

"அவ சொன்னது… எப்படிச் சொன்னா? 'அப்ப நான் வர்றேன்.' இது பக்கத்து வீட்டுல பேசிப்போட்டு வாசப்படி எறங்கறப்ப சொல்றதுங்க. அவங்க அம்மா ஊட்ல இருந்து கெளம்பறப்பவும் இப்படித்தான் சொல்லுவா."

"அதனாலென்ன?" என்றார் ஆடலரசு. "வருகிறேன் என்றால் வருகிறேன்தான்."

"அது போறதுக்குங்க! போறேன்னு ஆரு சொல்லுவாங்க? எழவு ஊட்ல மட்டும் சொல்லாமப் போவோம். மத்தபடி அமெரிக்காவே போனாலும் வர்றேன்னுதானுங்க சொல்லுவோம்."

ஜெசிந்தாவின் கை கைப்பிடியிலேயே உறைந்திருந்தது. கோடு இளைக்கத் தொடங்கியிருந்தது. அவள் திரையைப் பார்க்கவில்லை, ஆடலரசைப் பார்த்தாள்.

"சார், இதுவரைக்கும் யாராவது 'போறேன்'னு சொல்லியிருக்காங்களா?"

"ஒருவர்கூட இல்லை!" ஆடலரசு பெருமிதத்தை அடக்க முயலவில்லை. "சிவப்பு விளக்கு எரிந்ததே இல்லை. அதுதானே நமது சாதனை?"

"மதுரம் மேடம் சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க." அவள் குரல் தனக்குத்தானே பேசுகிறமாதிரி இருந்தது. "'ரொம்ப நன்றிம்மா ஜெசிந்தா, நான் வரேன்'னாங்க. வரப்போறவங்க எதுக்கு சார் எனக்கு நன்றி சொல்லணும்?"

வெளியே கெட்டிமேளம் மட்டும் கொட்டிக்கொண்டிருந்தது. ஆயிரம் வருஷத்துக்கு அந்தப் பக்கம் நின்று மரியாதையாக விடைபெற்ற பெண்களை இவர்கள் வாழைமரம் கட்டி, கெட்டிமேளம் கொட்டி இழுத்துவந்திருக்கிறார்கள்.

முதலில் தெளிந்தவர் ஆடலரசுதான். தெளிவது அவருக்குக் கைவந்தது. "ஊகம்! வெறும் ஊகம். வருகிறேன் என்று அவர் மெய்யாகவே சொல்லியிருந்தால்? நாம் இழுக்காவிட்டால் அந்தப் பெண் முள்ளுக்காட்டில் நின்று நம்மை எதிர்பார்த்துச் சாவார். அந்தப் பழியை யார் ஏற்பது? விளக்கு பச்சை. இழு!"

அதுவும் உண்மைதான். அதுதான் கொடுமை. இழுத்தால் ஒருவேளை சுவரை வெறிக்கிற ஓர் உடம்பு. இழுக்காவிட்டால் ஒருவேளை வருகிறேன் என்று சொல்லியும் கைவிடப்பட்ட ஒரு மனைவி. இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு சொல். அதுவும் இரண்டு பக்கமும் செல்லுபடியாகிற சொல்.

"இன்னொருக்கா கேப்போம்" என்றார் நாச்சிமுத்து.

"என்னன்னு கேப்பீங்கண்ணா? வரியான்னு கேட்டா வரேம்பாங்க. போறியான்னு கேட்டாலும் வரேன்னுதான் சொல்லுவாங்க."

கோடு நூலாகியிருந்தது. ஆடலரசு கைப்பிடியை நோக்கி வந்தார். ஜெசிந்தா எழுந்து குறுக்கே நின்றாள். "ஒரு தடவை பேசட்டும் சார்."

"ஐயா!"

"ஐயா, சார், என்ன எழவாவது இருக்கட்டும். ஒரு தடவை அவர் பேசட்டும்!"

ஆடலரசு பின்வாங்கினார். ஆனாலும் உதவாமல் இருக்க அவரால் முடியவில்லை. "அப்படியானால் நெஞ்சைத் தொடும்படி பேசுங்கள். 'காலத்தின் கரையில் காத்திருக்கிறேன் கண்ணே' என்று தொடங்கலாம். என் விளக்கச் சிற்றேட்டில் இருக்கிறது."

நாச்சிமுத்து ஒலிவாங்கியைப் பிடித்தார். ஆயுசு முழுக்க மைக்கைப் பிடித்த கை அது, இப்போது எங்கே பிடிப்பது என்று தேடியது. காலத்தின் கரை என்று தொடங்கப் பார்த்தார். நாக்கு புரளவில்லை. இரும்புக் குதிரைக்காரன் என்ன கேட்டிருப்பான் என்று யோசித்தார். அவன் என்னென்னவோ கேட்டிருப்பான். இவருக்கு, சாயங்காலம் கடையை அடைத்துவிட்டு வந்து செருப்பைக் கழற்றும்போது தினமும் கேட்கிற ஒன்றுதான் வாயில் வந்தது.

"சுலோ… சோறு ஆச்சா?"

ஆடலரசு தலையில் அடித்துக்கொண்டார்.

கோடு அதிர்ந்தது. பிறகு ஒரு சின்னச் சிரிப்பு. கேலிச் சிரிப்பு இல்லை. பழகின சிரிப்பு.

"நீங்க போட்டுச் சாப்புடுங்க" என்றாள் சுலோச்சனா. "எனக்காகப் பாக்காதீங்க. ரசம் அடியில இருக்கும், கலக்கி ஊத்திக்கோங்க."

அவளுக்குப் பின்னால் ஓர் இளம்பெண்ணின் குரல் கேட்டது. "ஆரவன்?"

அதற்குச் சுலோச்சனா சொன்ன பதில் தேய்ந்த கோட்டில் மிக மெல்லிசாக வந்தது. குரலில் கொஞ்சம் வெட்கம் இருந்தது.

"அவன்தான்."

அந்தப் பக்கம் வளையல்கள் எல்லாம் சேர்ந்து குலுங்கின.

"பச்சை இன்னும் எரிகிறது" என்றார் ஆடலரசு. "ரசத்தைப் பற்றி இயந்திரத்துக்கு ஒன்றும் சொல்லித்தரப்படவில்லை. விதிப்படி சம்மதம் செல்லும். நகரு."

நாச்சிமுத்து ஒலிவாங்கியை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். யாரையும் பார்க்காமல் சொன்னார்: "விட்ருங்க அம்மணி."

ஜெசிந்தா கைப்பிடிக்குப் பக்கத்தில் இருந்த விடுவிப்புப் பொத்தானை அழுத்தினாள். இத்தனை நாளில் யாரும் தொடாததால் அது இறுகிப்போயிருந்தது. இரண்டு கட்டைவிரலையும் வைத்து அழுத்த வேண்டியிருந்தது. திரையில் நூல் அறுந்தது. பச்சை அணைந்தது. வெளியே கெட்டிமேளம் தடுமாறி, தவில் மட்டும் இரண்டு தட்டு தட்டிவிட்டு நின்றது.

ஆடலரசு கண்ணை மூடிக்கொண்டு சிறிது நேரம் நின்றார். துக்கம் என்று நினைத்துவிடக் கூடாது, வாசகம் யோசித்துக்கொண்டிருந்தார். பிறகு செல்போனை எடுத்து மூலையில் போய்ச் சொல்லத் தொடங்கினார். "எழுதிக்கொள். 'காலத்தை வென்ற காதல். வரலாற்றில் முதன்முறையாக ஒரு தமிழ்ப்பெண், தன் இளவரசனுக்காக…' ஆமாம், இளவரசன்தான். பெயரை மாலைக்குள் தருகிறேன். வாசல் பலகையை மட்டும் உடனே கழற்றச் சொல்."

ஜெசிந்தா அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றி மேஜைமேல் வைத்தாள். தாழ்வாரத்தில் இட்லி ஊட்டிக்கொண்டிருக்கிற அந்தத் தம்பியிடம் போய் என்னவென்று ஆரம்பிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் போயாக வேண்டும்.

"அண்ணா, தண்ணி குடிக்கிறீங்களா?"

"வேண்டாமுங்க." நாச்சிமுத்து எழுந்தார். சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். வெள்ளைச் சட்டைதான். "வீட்டுல ரசம் இருக்குதாமா. அவ கெளம்பின அன்னிக்கு வெச்சது, இத்தனை நாளா இருக்குமுங்களா? அவளுக்கு அங்க நாள் போனது தெரியல பாவம்." கதவுவரை போனவர், முறை மறக்காமல் திரும்பினார். ஒலிவாங்கியை யாரும் அணைத்திருக்கவில்லை.

"வர்றேனுங்க அம்மணி."

இனிமேல் இந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டார் என்று அவளுக்குத் தெரியும்.

"வாங்கண்ணா" என்றாள்.

பச்சை விளக்கு எரிந்தது. வெளியே கெட்டிமேளம் முழங்கியது. நாச்சிமுத்து கதவைத் திறந்தார். பட்டுச்சேலைப் பெண்கள், ஆயிரம் வருஷம் கடந்து வந்தவர் இவர்தான் போலிருக்கிறது என்று நினைத்து, கூட்டமாக முன்னால் வந்து ஆரத்தி சுற்றினார்கள்.

அவர் மறுக்கவில்லை. நெற்றியில் பொட்டு வைக்க வாகாகத் தலையைக் குனிந்துகொண்டார்.